பதினேழாம் குழாய்

1

இந்தக் கதை ஒரு நகலெடுப்பில் பிறந்தது. கதைகள் கண்ணீரில் பிறக்கின்றன, கனவில் பிறக்கின்றன என்று எழுத்தாளர்கள் சொல்லிக்கொள்வதை நானும் படித்திருக்கிறேன். என் கதைக்கு அத்தகைய குலப்பெருமை ஏதும் இல்லை. கசங்கிய ஒரு தாளிலிருந்த இருபத்துநான்கு பெண்களின் பெயர்களைக் கசங்காத ஒரு தாளுக்குக் கோணாத கையெழுத்தில் மாற்றி எழுதினேன். அதற்குச் சில நாள் கழித்து, பெசன்ட் நகர்க் கடலோரத்து ஊரூர் ஒல்காட் குப்பத்தில் யாரோ ஒரு பெண்ணின் இதயம் களைத்துப்போயிருக்கிறது என்று தெரியவந்தது. எந்தப் பெண் என்பது மட்டும், நான் எழுதிய அந்த அழகான தாளால், தெரியாமல் போயிற்று.

வாசகரே, இதைவிட நல்ல தொடக்கம் ஒன்று என்னிடம் இருந்தது. முப்பத்துமூன்று ஆண்டுகள் அடையாற்றில் ஒரு பள்ளியில் தமிழாசிரியனாக இருந்தவனுக்கு, விலங்குகளைப் பேச வைக்காமல் எந்தச் செய்தியையும் சொல்ல வராது. ஆகவே முதலில் இப்படித் தொடங்கினேன்:

ஒரு காட்டில் ஒரு மின்மினி வாழ்ந்தது. அதன் ஒளி எந்த விலங்கின் கண்ணுக்கும் தெரியாது. ஆந்தைக்கு மட்டும் தெரியும். ஒருநாள் நோயுற்ற மான் ஒன்று அவ்வழியே வர, மின்மினி பறந்து சென்று அதன் நெஞ்சின்மேல் அமர்ந்து —

இதுவரை படித்துவிட்டு என் மனைவி ஜலஜா கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஏன்னா, யார் கண்ணுக்கும் தெரியாத வெளிச்சத்தை வச்சுண்டு அது எதுக்கு மின்மினியா இருக்கணும்? பேசாம ஈயா இருந்துட்டுப் போகலாமே!"

மாடி வீட்டு மதுவந்தியிடம் காட்டினேன். அவள் கண்ட குறை வேறு. "ஆந்தைக்கு அகச்சிவப்பு தெரியாது மாமா. தப்பாப் போட்டுடாதீங்கோ."

மானை அங்கேயே நிறுத்திவிட்டேன். இந்தக் கதையில் அது மேற்கொண்டு வராது. அதற்கு என்ன நோய் என்று நீங்களும் கேட்கக்கூடாது.

2

மதுவந்திக்கு வயது முப்பத்தாறு. மந்தைவெளியில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் மூன்றாம் தளத்தில் இருக்கிறாள். அடையாற்றில் ஓர் ஆய்வகத்தில் அவள் செய்யும் வேலையை ஒரு வரியில் சொல்வதானால், கண்ணுக்குத் தெரியாத தூசியைத் தயாரித்து, கண்ணுக்குத் தெரியாத நிறத்தில் அதை ஒளிர வைக்கிறாள். இப்படிச் சொன்னதற்கு அவள் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆகவே விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

நோய்கள் வெளிப்படையாக வருவதற்கு முன்பே இரத்தத்தில் சில அடையாளங்களைச் சிந்துகின்றன. உயிர்க்குறிகள் என்று அவற்றுக்குப் பெயர். இதயத்தின் தசை சுமை தாங்காமல் இழுபடும்போது ஒரு புரதத்தை இரத்தத்தில் விடுகிறது. அது ஓர் உயிர்க்குறி. மதுவந்தியின் நானோ துகள் ஒவ்வொன்றும் தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்தப் புரதத்தை மட்டும் கவ்விக்கொள்ளும் பொருளொன்று துகளின்மேல் ஒட்டப்பட்டிருக்கும். கருவுற்றிருப்பதை அறிய வீடுகளில் பயன்படுத்துகிறார்களே, அதைப் போன்ற தாள்பட்டையில் ஒரு சொட்டு இரத்தம் விட்டால், துகளும் புரதமும் கைகோத்துக்கொண்டு ஒரு கோட்டில் போய் நின்றுவிடும். அந்தக் கோடு ஒளிரும்.

"என்ன நிறத்துல?" என்று ஜலஜா கேட்டாள்.

"நம்ம கண்ணுக்குத் தெரியற நிறத்துல இல்ல மாமி. சிவப்புக்கு அடுத்தாப்ல இருக்கறது. கேமராவுக்குத்தான் தெரியும்."

"தெரியற நிறத்துலயே பண்ணிட்டா சிரமம் கம்மியில்லையோ?"

"தெரியற வெளிச்சத்துல ரத்தமும் கொஞ்சம் மினுங்கும், தாளும் மினுங்கும். தீபாவளிக்கு முன்னாடி ரங்கநாதன் தெருவுல நின்னுண்டு நீங்க மாமாவைக் கூப்பிட்டா அவருக்குக் கேக்குமா?"

"இங்க ஹால்ல நின்னுண்டு கூப்பிட்டாலே கேக்காது."

"அகச்சிவப்புல அந்தத் தெருவே காலியா இருக்கும் மாமி. ஒரே ஒருத்தர் மெதுவாப் பேசினாக்கூட கேட்டுடும்."

(நான் எழுத நினைத்த மின்மினியைவிட இந்த ரங்கநாதன் தெரு எவ்வளவோ மேல் என்று ஒப்புக்கொள்கிறேன். ஓர் அறிவியலாளர் உவமை சொல்லித் தமிழாசிரியனைத் தோற்கடிப்பது அவ்வளவு நல்ல பழக்கமில்லை என்றும் பதிவுசெய்கிறேன்.)

எது மிகுதி என்று தெரிய வேண்டுமானால் எது இயல்பு என்று முதலில் தெரிய வேண்டும். அதற்கு உடல்நலமுள்ளவர்களின் இரத்தம் தேவைப்பட்டது. ஆய்வகத்தில் நாற்காலியில் அமர்ந்து வேலை செய்வோர் முன்பே கொடுத்துவிட்டார்கள். உடலுழைப்பில் வாழும் பெண்கள் சிலரும் வேண்டும் என்றாள் மதுவந்தி. எனக்குத் தாயம்மாவின் நினைவு வந்தது.

3

தாயம்மா என்ற பாத்திரத்தைப் பற்றி எனக்கு ஐயம் உண்டு. நடந்ததை நடந்தபடியே எழுதினால், இவ்வளவு வாய் உள்ள ஒரு பெண்ணை நான் வேடிக்கைக்காக உண்டாக்கிவிட்டேன் என்று நீங்கள் நினைப்பீர்கள். ஆகவே அவள் பேசியதில் பாதியைக் குறைத்துவிட்டேன். மீதியை நம்புங்கள்.

எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவள், கடைசி பெஞ்சு. இப்போது வயது நாற்பத்தொன்பது. பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையோரம் மீன் விற்கிறாள். குப்பத்துப் பெண்கள் குழுவுக்கு அவள்தான் தலைவி. ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல், விற்பனை ஓய்ந்த நேரத்தில், குப்பத்துச் சமூகக்கூடத்தில் எல்லாரையும் கூட்டினாள். கூடியவர்களுக்கு ஆராய்ச்சியை விளக்க நான் தொண்டையைச் செருமினேன்.

"சார், நீ குந்து. நீ கதை சொல்ல ஆரமிச்சா ஒருத்தியும் நிக்க மாட்டா" என்றவள், வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "இன்னாமே அஞ்சல! எங்க நழுவிக்கினு போற? ரத்தம் குடுத்தா சார் கதை சொல்ல மாட்டாராம், வா!"

அஞ்சலை திரும்பி வந்தாள்.

மதுவந்தி எல்லாவற்றையும் எளிமையாகச் சொன்னாள். இது இன்னும் ஆராய்ச்சியில் இருக்கும் முறை. இதை வைத்து நோய் என்று முடிவு கட்ட முடியாது. ஆனாலும் கவலைப்படும்படி ஏதேனும் தெரிந்தால் உரியவரிடம் சொல்லி மருத்துவமனைக்கு வழிகாட்டுவோம் என்றாள். எல்லாரும் சம்மதித்துக் கையெழுத்திட்டார்கள்.

இங்கே ஒரு விதியைச் சொல்லியாக வேண்டும். ஆய்வகத்துக்குப் பெயர்கள் தெரியக்கூடாது. குழாயின்மேல் எண் மட்டும் இருக்கும். எந்த எண் எந்தப் பெண் என்ற பட்டியல், ஆய்வகத்தைச் சேராத, நம்பத்தகுந்த ஒருவரிடம் மட்டும் இருக்கும். அப்படிப்பட்டவர் ஒருவர் அங்கே அமர்ந்திருந்தார். அவர் கையில் பேனாவும் இருந்தது.

வந்தவர்களை வந்த வரிசையில் எழுதினேன். ஒன்று முதல் இருபத்துநான்கு வரை. அதுவரைக்கும் சரி.

4

ஆய்வகத்தில் எழுத்தராக இருந்த சாய்சரண் என்னும் இளைஞன், அந்தப் பட்டியலை அவசரத்தில் தவறாக நகலெடுத்து —

சாய்சரண் என்று ஒருவன் இல்லை.

அவனை நேற்றுக் காலைதான் உண்டாக்கினேன். தலையை வாரி, நல்ல சட்டை போட்டு, கழுத்தில் அடையாள அட்டை மாட்டி, என் தவற்றை அவன் கையில் கொடுத்தேன். ஜலஜா படித்துவிட்டு, "பாவம், அந்தப் பிள்ளையாண்டான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணினான்?" என்றாள். கதாசிரியனுக்கு இருக்கும் வசதிகளிலேயே இதுதான் மிக மோசமான வசதி. சாய்சரண், நீ போகலாம் அப்பா. உன்மேல் ஒரு குற்றமும் இல்லை.

நடந்தது இதுதான். வீட்டுக்கு வந்து பட்டியலைப் பிரித்தேன். கடற்காற்றின் ஈரத்தில் மை கொஞ்சம் கசிந்திருந்தது. ஓரத்தில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது. ஆராய்ச்சிக்கு உரிய ஆவணம் இப்படி இருக்கலாமா? புதிய தாளை எடுத்தேன். கோடு கிழித்தேன். முப்பத்துமூன்று ஆண்டுகள், ஆண்டுதோறும் சூன் மாதத்தில், வகுப்பின் வருகைப்பதிவேட்டில் நான் செய்துவந்த வேலையை என் கை தானாகவே செய்தது. பெயர்களை அகரவரிசையில் அடுக்கி, ஒன்று முதல் இருபத்துநான்கு வரை புதிதாக எண்ணிட்டு, சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டது. பிறகு பழைய தாளை எட்டாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டேன். கரட்டுப் படியை வைத்துக்கொள்வது ஒழுங்கீனம் என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன்!

அன்று எனக்குக் கிடைத்த மனநிறைவை நான் மறைக்க விரும்பவில்லை. அந்தத் தாளைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்து மகிழ்ந்தேன்.

5

பன்னிரண்டு நாள் கழித்து மதுவந்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். வழக்கமாக ஜலஜாவிடம் காபி கேட்டுக்கொண்டே வருபவள், அன்று நேரே என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, இருபத்துமூணு பட்டையிலயும் கோடு இருட்டா இருக்கு. ஒண்ணுல மட்டும் ஒளிர்றது. முதல்ல என் துகள்தான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். வேற கலவை போட்டுப் பார்த்தேன். மூணு தரம் பார்த்தாச்சு. அவா இதயத்துக்கு ரொம்பச் சிரமம் இருக்கும்போலருக்கு. சீக்கிரம் டாக்டர்கிட்ட போனா மருந்துலயே சமாளிக்கலாம். விட்டா ஆபத்து. பதினேழாம் நம்பர் யாரு?"

பீரோவிலிருந்து பட்டியலை எடுத்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, வாசித்தேன். "பதினேழு, மணிமொழி."

"மணிமொழியா? இருபத்தஞ்சு வயசுகூட இருக்காதே அவளுக்கு! கைக்கு ஒரு கூடைன்னு தூக்கிண்டு ஓடினாளே." அவள் சிறிது யோசித்தாள். "பதினெட்டு யாரு?"

"முத்துலட்சுமி."

"பத்தொன்பது?"

"ரேவதி."

"மாமா... முதல்லேர்ந்து வாசியுங்கோ."

"அஞ்சலை, அமுதா, இந்திராணி, கற்பகம்..."

"கடைசில?"

"ஷீலா, ஹம்சா."

மதுவந்தி என்னைப் பார்த்த பார்வையை நான் பள்ளியில் பல பிள்ளைகளைப் பார்த்து வீசியிருக்கிறேன். எதிர்ப்புறத்தில் நின்று வாங்கியது அதுவே முதல் தடவை.

"அன்னிக்கு அவா எல்லாரும் அகரவரிசையிலயா வந்து நின்னா?"

அடுக்களையிலிருந்து ஜலஜாவின் குரல் வந்தது. "இவர் ஆத்துல மளிகை சாமானையே அகரவரிசையிலதான் அடுக்கி வச்சுருக்கார். உளுத்தம்பருப்பு பக்கத்துல ஊறுகாய். நீ எந்த தைரியத்துல இவர்கிட்ட லிஸ்ட்டைக் குடுத்தே?"

"என் தப்பும்தான் மாமி. அன்னிக்கே ஒரு போட்டோ எடுத்துக் கவர்ல மூடி வச்சுருக்கணும்."

சொல்லிவிட்டு அவள் தலை குனிந்துகொண்டாள். அவள் திட்டியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும்.

(இவ்விடத்தில் ஒரு நீதிக்கதை எழுதினேன்: ஏரியில் நீந்திய வாத்துகளை உயரவாரியாக அணிவகுக்கச் செய்த ஒரு கொக்கைப் பற்றியது. நன்றாகவே வந்தது. கொக்கின்மேல் எல்லாருக்கும் கோபம் வரும், என்மேல் வராது. அதனால்தான் நீக்கிவிட்டேன்.)

6

மறுநாளே குப்பத்துக்குப் போனோம். சமூகக்கூடத்தில் இருபத்துநான்கு பேர் முன்னிலையில், பதினேழாம் குழாயைப் பற்றி மதுவந்தி சொன்னாள். பட்டியலைப் பற்றி நான் சொன்னேன். நான் முடித்ததும் தாயம்மா சிரிக்கத் தொடங்கினாள்.

"அப்ப, எங்களை இஸ்கூலு பிள்ளைங்க மாதிரி வரிசையா நிக்க வெச்சுட்ட! ஆனா ஒண்ணு சார், உன் அட்டெண்டன்ஸ்ல நான் எப்பவும் நடுவுலதான் வருவேன், ஞாபகம் கீதா? 'தா' வர்றதுக்குள்ள உனக்குத் தொண்டை கட்டிக்கும்."

கூடமே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு யாருக்குப் பின் யார் நின்றார்கள் என்று நினைவுபடுத்திப் பார்த்தார்கள். ஹம்சா, தான் அஞ்சலைக்குப் பின்னால் என்றாள். அஞ்சலை, தனக்குப் பின்னால் ஒரு நாய்தான் நின்றது என்றாள். அரை மணிநேரச் சண்டைக்குப் பிறகு, பதினேழாம் இடத்தில் ஒன்பது பேர் நின்றிருந்ததாகத் தெரிந்தது.

எல்லாருமே மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மதுவந்தி கெஞ்சினாள். ஒருத்திக்குத்தானே என்று ஒவ்வொருத்தியும் அடுத்தவளைப் பார்த்தாள். ஒருவரும் போகவில்லை.

மீண்டும் இரத்தம் எடுக்க ஆய்வகத்தின் நெறிமுறைக் குழு இசைவு தர வேண்டும். நடந்த பிழையை மதுவந்தி எழுத்தில் தெரிவித்தாள். நானும் ஒரு விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அவர்கள் விரைவாகத்தான் செய்தார்கள். இருந்தும் ஒரு மாதம் ஆயிற்று. அந்த ஒரு மாதமும், அந்தக் குப்பத்தில் ஓர் இதயம் மேலும் மேலும் களைத்துக்கொண்டிருந்தது என்பதை நான் அறிவேன். காலையில் செய்தித்தாளைப் பிரித்தால் முதலில் அதுதான் நினைவுக்கு வரும்.

7

இரண்டாம் முறை மதுவந்தி அந்தக் கருவியையே குப்பத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள். ஒரு டிபன் காரியரை விடச் சற்றுப் பெரிய கறுப்புப் பெட்டி. அதனோடு இணைத்த மடிக்கணினி. விரலில் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைப் பட்டையில் விட்டு, பெட்டிக்குள் செருகினால் கால் மணிநேரத்தில் முடிவு தெரிந்துவிடும். பட்டியலை மணிமொழி எழுதினாள். பேனாவைத் தொடக்கூடாது என்று எனக்குத் தடை. ஒரு நாற்காலி போட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருக்கச் சொன்னார்கள். இருந்தேன்.

வாசலில் நின்று தாயம்மா ஒவ்வொருத்தியாக உள்ளே தள்ளினாள். "சீக்கிரம் போமே, பொட்டி காத்துக்கினு கீது!" தலைவலி என்று சொன்ன கற்பகத்தைக் கையைப் பிடித்து இழுத்துவந்தாள். அழுத ஷீலாவுக்குத் தண்ணீர் கொடுத்தாள். பெட்டியின் துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்த்த ஹம்சா, "இன்னாக்கா, உள்ள ஒண்ணுமே தெர்லியே!" என்றபோது, "தெரியாத வெளிச்சத்தைத்தான் அந்தம்மா படம் புடிக்குது. தெரிஞ்சதைப் புடிக்கக் கல்யாணத்துக்கு வர்ற கேமராக்காரன் போதாதா?" என்று விளக்கம் கொடுத்தாள். மின்மினிக்கும் ரங்கநாதன் தெருவுக்கும் அடுத்தபடியாக இதையும் குறித்துக்கொண்டேன்.

கோடு இருட்டு. மீண்டும் இருட்டு. ஒவ்வொரு முறையும் மதுவந்தி "ஒண்ணும் இல்லை, நன்னா இருக்கேள்" என்பாள்; அந்தப் பெண் உடனே அதை உரக்கச் சொல்லிக்கொண்டு வெளியே ஓடுவாள். மாலை நான்கரை மணிக்கு மேசை காலியாயிற்று. ஒரு பட்டைகூட ஒளிரவில்லை.

"அப்ப அந்தப் பதினேழு தப்பா?" என்றேன். என் குரலில் இருந்த ஆசையை மதுவந்தி கவனித்திருப்பாள்.

அவள் பட்டைகளை எண்ணினாள். மணிமொழியின் பட்டியலை வாங்கிப் பெயர்களை எண்ணினாள்.

"மாமா, இருபத்துமூணுதான் இருக்கு."

நாங்கள் இருவரும் வாசலைப் பார்த்தோம். வாசலில் யாரும் இல்லை.

8

கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு ஃபைபர் படகின் நிழலில், மணலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நான் மட்டும் போனேன்.

"இருபத்துமூணு பேருக்கும் ஒண்ணும் இல்லை, தாயம்மா."

"நல்லதாப் போச்சு."

"நீ ஒருத்திதான் பாக்கி."

"பரவால்லியே, எண்ணக் கத்துக்கினியா?" என்றாள். பிறகு, கடலைப் பார்த்துக்கொண்டு, "நான்தான் பதினேழு. எனக்குத் தெரியும் சார்."

"எப்படி?"

"பதினாறு பேரை உள்ள தள்ளிட்டுத்தானே நான் போனேன். எண்ணிக்கினேதான் இருந்தேன்."

"அப்படின்னா, நான் வந்து சொன்ன அன்னைக்கே..."

"அந்தப் பொண்ணு பதினேழுன்னு சொன்ன வாயை மூடலை, எனக்குத் தெரிஞ்சிபோச்சு."

"ஏன் சொல்லலை?"

"நீ தப்புப் பண்ணிட்டேன்னு அழுவுற மாதிரி நின்னுக்கினு இருந்த. எனக்கு அது சவுகரியமாப் போச்சு. இருபத்துநாலு பேரு நடுவுல குந்திக்கலாம் பாரு."

நான் மணலில் உட்கார்ந்தேன். வேட்டியைப் பற்றிக் கவலைப்படவில்லை.

"மூச்சு வாங்குது சார். கூடையைத் தூக்கினா நெஞ்சுல யாரோ கையை வெச்சு அழுத்துற மாதிரி கீது. எல்லாம் தெரியும். ஆனா அதுக்கு ஒரு பேரு வெச்சுட்டா, வூட்டுல ஒரு ஆளாட்டம் வந்து குந்திக்கும். எம்புள்ள தங்கவேலு கூடையைப் புடுங்கிப் பரண் மேல போட்டுருவான். 'நீ சும்மா இரும்மா'ன்னுவான். சும்மா இருக்கற பொம்பளையை இந்தக் குப்பத்துல எங்கனா நீ பார்த்துருக்கியா?"

எனக்கு ஒரு கதை தோன்றியது. வாயைத் திறந்தேன்.

"ஆமை கதை வேணாம் சார்."

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லலையே!"

"மூஞ்சியிலயே ஆமை தெரியுது."

உண்மைதான், ஆமைதான். மூடிக்கொண்டேன். கதையை விட்டுவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அரசு மருத்துவமனையின் இதயப் பிரிவில் மதுவந்தி ஒரு மருத்துவரிடம் பேசி வைத்திருக்கிறாள். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால்தான் எதுவும் உறுதி. மாத்திரை போட்டுக்கொண்டு கூடை தூக்குகிறவர்களும் இருக்கிறார்கள் என்று அந்த மருத்துவரே சொன்னாராம். தப்பு என்னுடையது, அதனால் ஒரு மாதம் போய்விட்டது, இன்னொரு மாதம் போகக்கூடாது என்றேன்.

"தங்கச்சி ஆதம்பாக்கத்துல கீறா. வந்து பத்து நாளு இருந்துட்டுப் போ, போ-ன்னு கூப்புட்டுக்கினே கீறா. திங்கட்கிழமை அங்க போலாம்னு இருந்தேன்" என்றாள்.

நான் மணலைக் கையில் அள்ளி அள்ளி விட்டேன்.

"இத்த எல்லாம் கதையா எழுதுவியா?"

"எழுதலாமா?"

"எழுது. ஆனா எனக்குப் படிச்சுக் காட்டு. என் பேரைப் போடாத. தாயம்மான்னு போடு. அது என் நாத்தனா பேரு. அவளுக்கு ஒரு நோவும் கெடையாது, கோவம்தான் வரும்."*

* ஆகவே, இந்தக் கதையில் தாயம்மா என்று வருகிறவர் தாயம்மா அல்லர். உண்மையான தாயம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

9

நான்கு நாள் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அதே படகின் நிழலில் படித்துக் காட்டினேன். முடிவு மட்டும் மூன்று எழுதி வைத்திருந்தேன், அவளே தேர்ந்தெடுக்கட்டும் என்று.

முதல் முடிவு: திங்கட்கிழமை அவள் மருத்துவமனைக்கு வருகிறாள். மருத்துவர் சிகிச்சை தொடங்குகிறார். மூன்று மாதத்தில் நலமடைகிறாள். அறிவியலும் அன்பும் கைகோத்தால் —

"இது புள்ளைங்க பாடப்புத்தகம் மாதிரி கீது. கீழ கேள்வி வேற கேப்ப போல."

இரண்டாம் முடிவு: அவள் வரவில்லை. மார்கழியில் ஒருநாள், கூடையை இறக்கி வைத்தவள் எழுந்திருக்கவில்லை. ஆசிரியர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணீர் வழிய —

"சாவுறது நானு. கடைசி பக்கம் பூரா நீ எதுக்கு சார் அழுதுக்கினு கீற?"

அந்தத் தாளையும் மடித்து மணலில் வைத்தேன்.

மூன்றாம் முடிவு: பதினேழாம் குழாயில் ஏதோ கலப்படம் நேர்ந்திருந்தது. துகள்கள் தவறாக ஒளிர்ந்துவிட்டன. யாருக்கும் ஒரு நோயும் இல்லை. எல்லாரும் சிரித்துக்கொண்டு —

இம்முறை அவள் சிரிக்கவில்லை.

"இது தப்பு சார். அந்தப் பொண்ணு மூணு தபா பார்த்துச்சுன்னு நீதான சொன்ன? வேற கலவை போட்டுப் பார்த்துச்சுன்ன. அதும் வேலையை நீ கெடுக்காத. அது நல்லாத்தான் பண்ணிச்சு. அடி."

அடித்தேன். அவள் கண்ணெதிரிலேயே, மூலைக்கு மூலை கோடு கிழித்து அடித்தேன். அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. எனக்கு மூன்று முடிவுகளிலும் மிகவும் பிடித்திருந்தது இதுதான். இதில் என் தவறு யாரையும் தொடவில்லை.

"அப்போ எப்படித்தான் முடிக்கறது?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"திங்கட்கிழமை காத்தால பெசன்ட் நகர் பஸ் ஸ்டாண்டுல நான் பஸ் ஏறுறேன். அவ்வளவுதான். எந்த பஸ்ஸுன்னு எழுதாத."

"ஏன்?"

"நானே இன்னும் முடிவு பண்ணலியே. அதுக்குள்ள நீ எழுதிருவியா?"

"நான் வந்து கூட்டிண்டு... கூட்டிக்கொண்டு போகட்டுமா?"

"வராத. நீ வந்து நின்னா உனக்காக ஏறுன மாதிரி ஆயிடும்."

10

நான் போகவில்லை. மதுவந்தி காலை ஒன்பது மணிக்கே மருத்துவமனையின் வாசலில் கோப்பு ஒன்றை அணைத்துக்கொண்டு நின்றாள். ஒன்பதரையிலிருந்து நான் வீட்டில் கூடத்துக்கும் பால்கனிக்குமாக நடந்தேன். ஜலஜா ஒருமுறைகூடக் கேலி செய்யவில்லை. அதிலிருந்தே நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். பதினொன்றே காலுக்கு மதுவந்தியின் தொலைபேசி வந்தது. நான் கேட்டுக்கொண்டேன். ஜலஜா என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். எங்கள் மூவரோடு, பேருந்தில் ஏறியவளையும் சேர்த்தால், நான்கு பேருக்கு விடை தெரியும்.

உங்களுக்கு நான் சொல்லப்போவதில்லை. ஒரு சொல் கொடுத்திருக்கிறேன். மேலும், அந்தப் பேருந்து நிலையத்தில் என்னைத் தவிர வேறு யார் வேண்டுமானாலும் நிற்கலாம் என்றுதான் அவள் சொன்னதாக நான் பொருள் கொள்கிறேன். நீங்கள் போய் நில்லுங்கள். மயிலாப்பூர் வழியாக மருத்துவமனைப் பக்கம் போகும் பேருந்து ஒன்று புறப்படத் தயாராக இருக்கிறது. வேளச்சேரிப் பக்கம் போகிற இன்னொன்றில் ஏறினால், இறங்கி மாறி ஆதம்பாக்கத்துக்குப் போய்விடலாம். கூட்டம் அதிகமில்லை. நாற்பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, கூடை இல்லாமல், துவைத்து மடித்த சேலையில், கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு மூச்சு வாங்குவதற்காக ஒரு கணம் நிற்கிறாள். அவள் முகத்தைப் பாருங்கள். பேருந்தின் நெற்றியைப் பாருங்கள்.

இனி வருவது உங்கள் கையெழுத்தில் இருக்கட்டும். விடைத்தாளை நான் திருத்த மாட்டேன்.

கோடிட்ட இடத்தை நிரப்புக:

திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்குத் தாயம்மா ______________ போகும் பேருந்தில் ஏறினாள்.